இரண்டு சூரியோதயங்கள்

இலங்கையின் தென்கரையில், காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் சாலையில், கொக்கலை என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓர் ஏரி. அதனுள்ளே பச்சைப் பசேலென்ற சின்னஞ்சிறு தீவுகள். சென்ற கோடை விடுமுறையில் மாணவர் சிலருடன் நாம் அங்கே போயிருந்தோம். "ஸார், இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். கேள்வியில் குற்றமில்லை. அங்கே பார்ப்பதற்கு இருப்பதைவிட நினைப்பதற்கு இருப்பதுதான் அதிகம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் பிணைத்திருந்த ஆகாய மார்க்கம் அதனால் அறுந்தது. அறுந்ததை முடிச்சிட, 1943 முதல் 1945 வரை, பெர்த் நகரத்து ஸ்வான் நதிக்கும் இந்தக் கொக்கலை ஏரிக்கும் இடையே காட்டலினா என்னும் நீர் விமானங்கள் பறந்தன. தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்குவதில்லை.

"மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். எத்தனை நேரமாகும்?" என்று கேட்டோம். "28 மணி" என்றான் அதே பையன். கணக்குச் சரிதான், ஆனால் எதிர்க்காற்றுக்குக் கணக்குத் தெரியாதே! ஒரு முறை 32 மணி நேரத்துக்கு மேலாயிற்றாம். பிரயாணிகள் வானத்திலிருந்தபடியே இரண்டு சூரியோதயங்களைத் தரிசித்தார்கள். 'இரட்டைச் சூரியோதயம்' என்றே அந்தப் பிரயாணத்துக்குப் பெயர் வந்தது.

பெட்ரோல் பாரமே மிகுதி. ஆகவே பிரயாணிகள் மூவருக்கும் எழுபது கிலோவுக்குட்பட்ட தபாலுக்குமே இடம். புறப்பட்ட சில மணி நேரத்துக்குள் ஓர் எஞ்சின் நின்றாலும் கடல்தான் கதி. எதிரியின் செவிக்கு எட்டாதிருக்க, ரேடியோவில் வாய் திறப்பதில்லை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களே: ஆல்டேர், வேகா, ரைஜெல், அண்டாரஸ், ஸ்பைகா. ஆல்டேர் வேறொன்றுமில்லை, நம் பஞ்சாங்கத்துத் திருவோணம், அண்டாரஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை.

"எல்லோரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா, ஸார்?" இப்போது பையனின் குரல் மாறியிருந்தது.

"271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் வீழவில்லை" என்றோம். அத்தகைய விமானங்களை, யுத்தம் முடிந்த பின், மனிதரே கடலில் மூழ்கடித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

2018 மார்ச்சில் அதே பெர்த்திலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சில் விமானம் சென்றது. 14,500 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். இரண்டரை மடங்கு தூரம், மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்த நேரம்! ஆயினும் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு விமான நிலையத்தில் முணுமுணுத்தவர்களில் நாமும் ஒருவர்தாம். தூரம் சுருங்கச் சுருங்கப் பொறுமையும் சுருங்குகிறது போலும்.

அன்றிரவு மேகம் சற்றே விலகிற்று. உச்சி வானத்தில் வெண்மையாக ஒன்று மின்னியது. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்ட பையன்தான் முதலில் கையை நீட்டினான்: "ஸார், அதுதானே சித்திரை?"