வேர் தந்த சிவப்பு

ஒரே சாயக் கொப்பரையில் தோய்ந்து வந்த இரண்டு கம்பளி நூற்கழிகளை வெயிலில் அருகருகே பிடித்து நோக்கினால், ஒன்றின் சிவப்பு மற்றதன் சிவப்பன்று என்பது புலப்படும். ஆலைத் துணியிற் பழகிய கண் இதனைக் குறையென்றே கொள்ளும். வாங்குவோர் பலர் கழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளிறிய இடத்தைச் சுட்டி, விலையைக் குறைக்கக் கேட்பர். கையாற் சாயமேற்றும் தொழில் பல நாடுகளில் நலிந்தமைக்கு இக்கண்ணும் ஒரு காரணம் என்பது மிகையாகாது.

துருக்கியில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அந்நாட்டுக் கிராமப் பெண்கள் ஆட்டு உரோமத்தைத் தாமே நூற்று, மஞ்சிட்டிக்கு உறவான ஒரு செடியின் வேரினாற் சிவப்பேற்றிக் கம்பளம் நெய்தவர்கள். வேர் நன்கு முதிர ஏறத்தாழ மூன்றாண்டு மண்ணிற் கிடக்கவேண்டும். 1868இல் கிரேப, லீபர்மான் என்னும் ஜேர்மன் இரசாயனவியலாளர் இருவர், அவ்வேரின் சிவப்புக்கு அடிப்படையான அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக்கொண்டு ஆக்கிக் காட்டினர். காலப்போக்கில் மலிவான சாயப்பொடிகள் கிராமங்களையும் எட்டின. அவற்றுட் பல வெயிலில் வெளிறின, நீரிற் கசிந்தன. தாய் மகளுக்குக் கைகாட்டிக் கற்பித்த செய்முறையோ மறைந்தொழிந்தது. ஹரால்ட் போமர் என்னும் ஜேர்மன் ஆசிரியர் பழங்கம்பளங்களின் சாயங்களைப் பகுத்தாராய்ந்த பின்னரே, 1981இல் தொடங்கிய திட்டமொன்றின் வாயிலாக, ஐவாஜிக் பகுதிப் பெண்கள் தம் பாட்டியரின் சிவப்பை மீளப் பெற்றனர். ஆடும் தறியும் வேரும் அவர்களிடமே இருந்தன. அறிவு ஒன்றே இல்லாது போயிருந்தது. ஆய்வுகூடம் பறித்ததை ஆய்வுகூடமே திருப்பிக் கொடுத்தது போலும்!

இது நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் தோண்டப்பட்ட சாயவேரும் அலிசரினையே கொண்டது. ஒல்லாந்தர் அதனை அரசின் வருவாய்ப் பொருளாகவே வைத்திருந்தனர். அது பருத்திக்குச் சிவப்பளித்தது. பருத்தியிற் சாயம் பிடிக்கப் பல படிமுறைகள் வேண்டும். கம்பளியோ புரதமாதலின் எளிதில் ஏற்கும்.

எளிதெனினும் பொறுமை வேண்டும். நூல் முதலிற் படிகார நீரில் ஊறவேண்டும். படிகாரமே சாயத்தை இழையோடு பிணைப்பது. வேர்நீரைக் கொதிக்கவிட்டாற் சிவப்பு மங்கிக் கபிலமாகும். வேரில் அலிசரினோடு பர்பியூரின் முதலிய வேறு நிறப்பொருள்களும் உண்டு. அவை கலந்து வருவதாலேயே அச்சிவப்புக்கு ஒரு வெம்மை வாய்க்கின்றது. ஆலை அலிசரினைப் போலிச் சிவப்பு என்பது அறியாமை; அது தனிக்குரல், வேரினது கூட்டிசை, அவ்வளவே.

ஆகவே வாங்குபவர் நிறத்தின் ஏற்றத்தாழ்வை ஆராய்வதிலும், சாயம் பிடித்திருக்கின்றதா என்று ஆராய்வதே தகும். ஓரிழையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வேண்டிய நூல் முழுவதையும் ஒருசேர வாங்குதலும் இன்றியமையாதது. அடுத்த கொப்பரை அதே நிறத்தைத் தருமென எந்தச் சாயக்காரரும் உறுதி கூறார். பின்னும்போது இரண்டு கழிகளை மாற்றி மாற்றி எடுத்தால், வேறுபாடு கோடாகத் தெரியாது கலந்துவிடும்.

கம்பளியின் பகை சூடும் உரசலுமாம். இழையின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டால், நூல் தடித்துச் சுருங்கும். பின்னர் மீட்க வழியில்லை. இளஞ்சூட்டு நீரில், காரமற்ற சவர்க்காரம் இட்டு, கசக்காது அமிழ்த்தி எடுத்து, அதே சூட்டு நீரில் அலசவேண்டும். முறுக்கிப் பிழியாது துவாயிற் சுருட்டி ஒற்றி, நிழலிற் பரப்பி உலர்த்துதல் நன்று. முதற் கழுவலில் நீர் சற்றுச் சிவந்தால் அஞ்சவேண்டியதில்லை. பிணையாது எஞ்சிய சாயமே வெளியேறுகின்றது. மூன்றாம் முறையும் சிவந்தால், அந்நூலை வெண்ணூலோடு சேர்த்துப் பின்னாதிருக்கவேண்டும்.