அஞ்சுக்கு அஞ்சு

"ஜெர்மனி லைஃப் பத்தி ஏதாவது எழுதுங்க அக்கா" என்று நம் இதழிலிருந்து ஒரு தம்பி கேட்டான். விசா, ஏபிஎஸ் சான்றிதழ், பிளாக்டு அக்கவுண்ட் எல்லாம் யூடியூபில் தேவைக்கு மேலேயே கிடைக்குது. அதை நான் தொடப்போவதில்லை. ஒரு மார்க்கைப் பற்றியும் ஒரு மலையைப் பற்றியும் சொல்கிறேன். ரெண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து முட்டிக்கொண்டன.

முதலில் மார்க். ஜெர்மனியில் மதிப்பெண் முறை தலைகீழ். 1.0 வாங்கினால் கிளாஸ் டாப்பர். 4.0 வரைக்கும் பாஸ். 5.0 என்றால் சுத்தமாக ஃபெயில். நான் மியூனிக் வந்தது 2023 அக்டோபரில். முதல் செமஸ்டர் முடிந்து பிப்ரவரியில் கன்டினியூம் மெக்கானிக்ஸ் எழுதினேன். நம்ம காலேஜ்ல ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல கெத்தா மார்க் வாங்கினவ நான், அந்த தைரியத்தில் போனேன். பழைய கேள்வித்தாள் பத்து வருஷத்துக்குப் புரட்டினால் பாதி கேள்வி வந்துவிடும் என்ற நம் ஊர்க் கணக்கெல்லாம் அங்கே எடுபடவில்லை. பக்கம் முழுக்க டென்சர். முதல் கேள்வியிலேயே நாற்பது நிமிஷம் போச்சு. ரிசல்ட் வந்தது: 5.0.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுவார். கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். கடிகாரத்தை நம்புகிற ஆள், எட்டரை என்றால் எட்டரைதான்.

"ரிசல்ட் வந்துருச்சா அம்மிணி?"

"வந்துருச்சுங்கப்பா."

"எவ்வளவு?"

"அஞ்சுங்கப்பா."

அடுத்து என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே, "அஞ்சுக்கு அஞ்சா?" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஒரே எழுத்து.

மறுநாள் அம்மா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தாங்க. பட்டறையில் வேலை செய்கிற அண்ணன்கள், பக்கத்து டீக்கடைக்காரர், எல்லார் கையிலும் லட்டு. நடுவில் அப்பா, கிரீஸ் சட்டையோடு டப்பாவைப் பிடித்துக்கொண்டு. எங்க வீட்டுப் பத்திரம் என் லோனுக்காக வங்கியில் இருக்கு. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்கு லைப்ரரி போகவில்லை.

நம் ஊரில் அரியர் என்றால் ஒரு கலாய்ப்பு, ஒரு கெட்-டுகெதர், அடுத்த செமஸ்டரில் க்ளியர். இங்கே என் துறையில் ஒரு பேப்பருக்கு மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் படிப்பையே விட்டு வெளியேற வேண்டியதுதான். இதை எந்த யூடியூபரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் விதிமுறைகளைப் படிக்கவில்லை. தப்பு என் மேல்தான்.

மற்றபடி வாரநாள் வாழ்க்கை ரொம்பச் சாதாரணம். ஃப்ரைமானில் ஒரு அறை. காலையில் யூ6 மெட்ரோ, கிளாஸ், மதியம் பல்கலைக்கழக கேண்டீன், அங்கே கறி இல்லாத சாப்பாடு என்றால் நாலு நாளைக்கு ஒரு முறை பாஸ்தா வரும். வாரத்தில் சில மணி நேரம் ஒரு ஆய்வகத்தில் பகுதி நேர வேலை. சூப்பர் மார்க்கெட் ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிடும், ஞாயிறு திறக்கவே மாட்டார்கள். வந்த முதல் வாரம் இது தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க மேரி பிஸ்கட்டில் ஓட்டினேன். ஞாயிறு துணி துவைக்கிற மெஷின் சத்தம் வந்தாலே பக்கத்து அறைக்காரர் முகம் சுளிப்பார். என் குக்கர் விசிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக, ஞாயிறு வீட்டில் இருந்தால் சத்தம் போடக்கூடாது, கடைக்கும் போக முடியாது. ஊரே என்ன செய்யுது என்று பார்த்தால், காலை ஏழு மணி ரயிலில் பை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எழுபது வயசுப் பாட்டிகள் உட்பட.

எனக்கு மலை என்றால் வெள்ளியங்கிரிதான். அப்பா வருஷா வருஷம் ஏறுவார். வயசுப் பெண்கள் ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம், அதனால் நானும் அம்மாவும் பூண்டி அடிவாரத்தில் புளிச்சோறு டப்பாவை வைத்துக்கொண்டு காத்திருப்போம். விடிந்ததும் அப்பா மூங்கில் தடியை ஊன்றி ஊன்றி இறங்கி வருவார். ஏழு மலையும் ஏறியவர் முகத்தில் ஒரு களை இருக்கும். "மேல எப்படிங்கப்பா இருக்கும்?" என்று கேட்டால், "அதெல்லாம் சொன்னா புரியாது அம்மிணி" என்பார். அந்தத் தடி இன்னும் எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்குது.

அதனால்தானோ என்னவோ, இங்கே முதல் மலை ஏறினதிலிருந்து என்னால் நிறுத்த முடியவில்லை. அப்போது நாடு முழுக்க உள்ளூர் ரயிலில் போக மாதம் 49 யூரோ டிக்கெட் இருந்தது, எங்களுக்கு மாணவர் சலுகையில் இன்னும் குறைவு. ஆகவே மலை எனக்கு இலவசம் மாதிரி. மஞ்சள் பலகையில் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். நீலப் புள்ளி எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். எதிரே வருகிற எல்லோரும் "ஸெர்வுஸ்" சொல்லிவிட்டுப் போவார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் யாரும் யாரையும் "நீங்க" போடவேண்டாம், "நீ"தான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. கோயமுத்தூர்க்காரி எனக்கு அது மட்டும் வாய் வரவே இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் சிகரத்திலிருந்து போட்டோ அனுப்புவேன். அப்பா அதைப் பட்டறை குரூப்பில் போடுவார். படிப்பில் அஞ்சுக்கு அஞ்சு, லீவில் ஆல்ப்ஸ். அவர் மகள் வேறு ஒருத்தியாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தாள்.

2024 அக்டோபர் கடைசி. மறுதேர்வு ரிசல்ட் வெள்ளிக்கிழமை வந்தது. 4.3. மறுபடி ஃபெயில். 5.0-விலிருந்து 4.3-க்கு வந்தது முன்னேற்றம்தான், ஆனால் அப்பா கணக்கில் அஞ்சிலிருந்து இறங்கியிருக்கேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என் ரூம்மேட் திருச்சிக்காரி, "கிளம்புடி, மலைக்குப் போலாம்" என்றாள்.

நாலு பேர். நாங்கள் இருவர், பிஎச்டி பண்ணுகிற சேலத்து அண்ணா ஒருத்தர், கொலம்பியாவிலிருந்து வந்த வகுப்புத் தோழன். மியூனிக்கிலிருந்து கோகெல் வரை ரயில், அங்கிருந்து கெஸெல்பெர்க் கணவாய்க்குப் பஸ். ஏறவேண்டியது ஹெர்ட்ஸோக்ஷ்டாண்ட், 1731 மீட்டர். அங்கிருந்து ஒரு முகடு வழியாக நடந்தால் 1790 மீட்டர் ஹைம்கார்ட்டன். ரெண்டு பக்கமும் சரிவு, சில இடங்களில் பிடித்துக்கொள்ள இரும்புக் கயிறு.

மெக்கானிக்கல் மக்களுக்காக ஒரு நிமிஷம். இந்த மலைக்கு ஒரு பக்கம் வால்ஹன் ஏரி, சுமார் 800 மீட்டர் உயரத்தில். மறுபக்கம் கோகெல் ஏரி, சுமார் 600 மீட்டரில். நடுவில் இருக்கிற அந்த 200 மீட்டரைப் பார்த்துச் சும்மா விடவில்லை இந்த ஆட்கள். ஆறு பென்ஸ்டாக் குழாய், எட்டு டர்பைன், 124 மெகாவாட், 1924-இலிருந்து ஓடுது. நம் பைக்காராவுக்கு எட்டு வருஷம் மூத்தது. இதற்காக மல்லுக்கு நின்ற ஓஸ்கர் ஃபான் மில்லர்தான் மியூனிக்கில் டாய்ச்சஸ் மியூசியத்தையும் தொடங்கினவர். எட்டில் நாலு பிரான்சிஸ் டர்பைன், ஊருக்கு. மிச்சம் நாலு பெல்டன் டர்பைன், ரயிலுக்கு. ஜெர்மன் ரயில் மின்சாரம் 16.7 ஹெர்ட்ஸ் என்பதால் தனி. ரயிலில் சேலத்து அண்ணா இதைச் சொல்லி முடிக்கும்போது நாங்கள் மூன்று பேரும் தூங்கிவிட்டோம். பஸ் ஸ்டாப்பில் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

ஏற ஆரம்பித்தபோதே பதினொன்றரை. லேட்தான். மேலே உணவகத்தில் சூப் சாப்பிட்டு, சிகரத்துக்குப் போகும்போது மூணு மணி தாண்டிவிட்டது. கீழே கோகெல் ஏரியை மூடுபனி மூடியிருந்தது, எங்கள் மேல் நல்ல வெயில். முகட்டில் போகலாமா, திரும்பலாமா? முந்தின நாள் சூரியன் ஆறு மணிக்கு மறைந்ததை எல்லோரும் பார்த்தோம். அஞ்சுக்கு ஹைம்கார்ட்டன், ஆறுக்குக் காட்டுப் பாதை, பிறகு ஹெட்லேம்ப் இருக்கு. அண்ணா யோசித்தார். நான்தான் "போலாம்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எதையாவது ஒன்றை முடித்தே ஆகவேண்டும் போலிருந்தது.

முகட்டில் அரை மணி நேரம் நடந்திருப்போம். ஒரு கை கயிற்றில். பாக்கெட்டில் போன் அடித்தது. அப்பா. மணி நாலு.

"என்னங்கப்பா, ஒரு மணி நேரம் முன்னாடியே கூப்பிடுறீங்க?"

"முன்னாடியா? எட்டரை ஆச்சே அம்மிணி. டிவில நியூஸ் ஓடுது பாரு."

எட்டரை என்றால் எனக்கு அஞ்சு மணி ஆகவேண்டும். ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. பிறகு போன குளிர்காலம் ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் அப்பா போன் நாலு மணிக்குத்தான் வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். எங்கள் போன்கள் எல்லாம் தானே மாற்றிக்கொண்டு சமத்தாக இருந்தன. நாங்கள்தான் மாறவில்லை. இன்றைக்குச் சூரியன் மறைவது ஆறுக்கு அல்ல, அஞ்சுக்கு.

"அப்புறம் கூப்பிடுறேங்கப்பா" என்று வைத்துவிட்டேன். காற்றுச் சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

சண்டையெல்லாம் இல்லை, எல்லோரும் அப்படியே திரும்பினோம். ஹைம்கார்ட்டன் சிலுவை எதிரே பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, காற்றின் மேல் பழியைப் போட்டேன். உணவகத்துக்கு வந்தபோது கடைசி கேபிள் கார் போய்விட்டது. நல்லவேளை, கெஸெல்பெர்க்குக்கு இறங்குவது ராஜா காலத்துக் குதிரைப் பாதை, அகலமானது. ஆனால் மரங்களுக்குள் போனதும் கும்மிருட்டு. நாலு பேருக்கு ஒரே ஹெட்லேம்ப். "ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும்னு சொன்னேன்ல" என்று அண்ணா ஒரே ஒரு முறை சொன்னார். குளிரில் என் போன் செத்துப்போச்சு. ஈர இலை, வேர், சரளை. முட்டி கதறியது. "ஏறும்போது நெஞ்சு, இறங்கும்போது முட்டி" என்பார் அப்பா. அந்தத் தடி எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஏழே காலுக்கு ரோட்டுக்கு வந்தோம். பஸ் இல்லை. பார்க்கிங்கில் நாயோடு நின்ற ஒரு தம்பதி எங்களைக் காரில் திணித்துக் கோகெல் ஸ்டேஷனில் விட்டார்கள். நாய் என் மடியில். வழி முழுக்க அந்த அம்மா திட்டிக்கொண்டே வந்தார். பவேரிய ஜெர்மனில் பாதிதான் புரிந்தது, மீதி எங்க அம்மா குரலில் கேட்டது.

ஸ்டேஷனில் ரூம்மேட்டின் பவர் பேங்க்கில் போட்டதும் போன் உயிர் வந்தது. பதினாறு மிஸ்டு கால். ஊரில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேங்கப்பா."

அவர் ஒன்றுமே திட்டவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தம்தான் என்னை உடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே அஞ்சு என்றால் என்ன, லட்டு போட்டோ பார்த்து லைப்ரரி போகாதது, 4.3, மூணு வாய்ப்பு, எல்லாம். பிளாட்பாரத்தில் திருச்சிக்காரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"அப்ப நான் ஃபெயிலுக்கா லட்டு குடுத்தேன்?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"கால் கிலோவா, அரைக் கிலோவா... மூணு கிலோ அம்மிணி."

அவர் சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம். பிறகு பட்டறையில் ஜாப் ஒன்று ரிஜெக்ட் ஆனால் கேட்கிற மாதிரியே கேட்டார். எங்கே தப்பாச்சு? அளவு புரியாமலா, அவசரத்துலயா? இன்னொரு தடவை எப்போ? நான் பிப்ரவரி என்றேன். "அதுவும் போனா?" என்றார். போனால் ஊருக்கு வரவேண்டியதுதான் என்றேன். "வா. பத்திரத்தைப் பத்தி நான் பாத்துக்கறேன். ஆனா இனி என்றகிட்ட சொல்லோணும்." இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கடினமாக இருந்தது. கோபம் இருந்தது. அடுத்த இரண்டு ஞாயிறு போனில் அம்மாதான் பேசினாங்க.

மூன்றாவது ஞாயிறு, சரியாக நாலு மணிக்கு, அப்பா. எடுத்தவுடனே, "நாலுக்குள்ள வாங்கினா போதுமல்ல?" என்று கேட்டார். யாரிடமோ விசாரித்திருக்கிறார். பட்டறையில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது ஜனவரி. மலையெல்லாம் பனி, எனக்கும் போக நேரமில்லை. சனிக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து ஒரு அறையில் கணக்குப் போடுகிறோம். கொலம்பியத் தோழனுக்கும் அதே பேப்பர், அதே மூன்றாவது வாய்ப்பு. இத்தனை மாதம் அவனும் யாரிடமும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறான். பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள். இந்தக் கட்டுரையை எழுதிய ரெண்டு மணி நேரத்தில் ஒரு டெரிவேஷன் முடித்திருக்கலாம் என்று இப்போதுதான் உறைக்குது. வைக்கிறேன், தம்பி.