புள்ளி வைத்த எழுத்து

மே 31 அன்று பணி நிறைவு பெற்றேன். மொத்தம் 35 ஆண்டுகள். அதில் 29 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு. பாராட்டு விழாவில் பேசிய அதிகாரி ஒருவர், “டீச்சர் நினைத்திருந்தால் பதவி உயர்வில் போயிருக்கலாம். கடைசிவரை அ, ஆ சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டார்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாங்கள் அ, ஆவில் தொடங்குவதில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ட, ப, ம என்றுதான் போவோம். நேர்கோடுகள் பிள்ளையின் கைக்குப் படியும். சுழி பிறகு வரும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கொம்புக்கால் எல்லாம் இரண்டாம் பருவத்துக்குள் பழகிவிடும். பழகாமல் படுத்துவது புள்ளி ஒன்றுதான்.

1989இல் நான் சேர்ந்தபோது மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடம் முழுவதையும் கடகடவென்று ஒப்பிப்பான். ஒருநாள் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கரும்பலகையில் ‘பட்டம்’ என்று எழுதினேன். “ப, இட், ட, இம்” என்றான். சேர்த்துச் சொல்லு என்றேன். மறுபடியும் “ப, இட், ட, இம்”. பட்டம் விட்டு விட்டுக் கையெல்லாம் நூல் அறுத்த தழும்பு அவனுக்கு. அந்தப் பட்டம்தான் பலகையில் இருக்கிறது என்று அவன் காதுக்கு எட்டவே இல்லை.

அந்த ‘இ’யை வைத்தது யார்? நாங்கள்தான். இக், இங், இச் என்று பதினெட்டையும் பாட வைக்கிறோமே, அதில் ஒட்டிக்கொள்கிற ‘இ’ அது. பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், எழுத்தின் பெயரும் தெரியும், சொல் மட்டும் வராது. எழுத்து தெரிந்த பிள்ளை என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

எங்கள் பள்ளியில் அப்போது தலைமையாசிரியராக இருந்தவரை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் அந்தப் பையனைத் திண்ணையில் உட்கார வைத்துக்கொண்டார். தரையில் மணலைப் பரப்பி ‘பட’ என்று விரலால் எழுதி, வாசிக்கச் சொன்னார். பிறகு ஒரு புளியங்கொட்டையை அவன் கையில் கொடுத்து, “இதை ‘ட’ தலையில வைக்கிறப்போ சத்தம் அடைபடணும். எங்க, தாடைக்கு அடியில கைய வச்சுப் பாரு” என்றார். பட... பட... கொட்டையை வைத்தான். பட்! நாக்கு மேலே ஒட்டி நின்றது. கொட்டையை எடு, ‘பட’. வை, ‘பட்’. அரைமணி நேரம் இதேதான். என்னைத் திரும்பிப் பார்த்து, “இட்டுன்னு ஒரு எழுத்தே கிடையாதும்மா. முன்னால நிக்கிறவன் கையைப் பிடிச்சாத்தான் அதுக்குச் சத்தம்” என்றார்.

பிறகு பாடி, பாட்டி. குடி, குட்டி. மாடு, மாட்டு. புள்ளி வந்தால் பின்னால் நிற்கிற ‘ட’வும் வல்லென்று மாறுவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும், நாம் இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையனுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் கடைப் பலகையை வாசித்துக்கொண்டே வந்தான். எனக்கு ஆசிரியர் பயிற்சி அன்றுதான் முடிந்தது என்று சொல்லுவேன்.

இதன் பிறகு எத்தனையோ திட்டங்கள் வந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் எங்களுக்கும் வந்தது. அட்டையும் ஏணியும் தாழ்வான கரும்பலகையும். நல்ல திட்டம், பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம். ஆனால் புள்ளி அட்டைக்கும் மற்ற அட்டைக்கும் ஒரே கட்டம்தான், ஒரே டிக்தான். 2012இல் முப்பருவம். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து மொபைலில் ஏற்ற வேண்டும். சிக்னல் வரும் வேப்பமரத்தடியில் ஆசிரியர் நிற்க, வகுப்பில் பிள்ளைகள் ‘ப, இட், ட, இம்’ என்று தனியாக உட்கார்ந்திருக்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் குறுவள மையக் கூட்டத்துக்குப் போனால் மிச்சம் ஒருவர். ஒன்பது நாள் ஒரு பிள்ளையோடு உட்கார யாருக்கு நேரம்? அசர் (ASER) கல்வி ஆய்வில் நாடு முழுவதும் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 50.5 விழுக்காடு, கொரோனாவுக்குப் பின் 2022இல் 42.8. இந்த எண் வந்ததும் ஆசிரியர்கள் வேலை செய்வதில்லை என்கிறார்கள். மிச்சப் பிள்ளைகள் எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்று எவரும் கேட்பதில்லை. என்னிடம் வந்து நின்றவர்களில் பாதிக்கு மேல் புள்ளியில் நின்றவர்கள்.

புதிதாக வரும் தம்பி தங்கைகளைப் பார்த்தாலும் கவலையாக இருக்கிறது. புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாட்டு ஓடும்; பிள்ளைகள் இக், இங், இச் என்று கைதட்டிப் பாடும். வகுப்பு கலகலப்பாக இருக்கிறது, வீடியோ எடுத்துக் குழுவில் போடலாம். அந்தப் பாட்டில் ‘இ’ இன்னும் ஆழமாக இறங்குகிறது. புளியங்கொட்டையைக் காட்டிய என்னிடம் ஒரு தங்கை, “இதுக்கெல்லாம் இப்போ டைம் ஏது மேடம்” என்றாள். அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை.

அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். ஒன்றாம் வகுப்புக்குத் தனியாக ஓர் ஆசிரியரைக் கொடுங்கள். பள்ளியிலேயே மூத்தவரை அங்கே போடுங்கள். ஜூன் முதல் டிசம்பர்வரை அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.