ஊருணிக் கரை

முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கு முன் பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, "தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் போகணும்?" என்பதுதான். நிலம் எத்தனை ஏக்கர், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதெல்லாம் அப்புறம். எங்கள் ஊருணி ஊரை ஒட்டியே இருந்தது. அதனால் எங்கள் ஊர் ஆம்பளைகள் கொஞ்சம் மிடுக்காகவே பதில் சொல்வார்கள்.

கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு, மாட்டுக்கு, துணி துவைக்க. ஊருணி குடிப்பதற்கு மட்டும். அதற்கு மழைத்தண்ணீர் வந்து சேர்கிற வழியில் யாரும் வெளிக்கிருக்கப் போகக் கூடாது. செருப்பைக் கரைக்கு வெளியிலேயே விட்டுவிட வேண்டும். கடைசிப் படியில் நின்று, கால் நனையாமல் குனிந்து குடத்தை அமுக்கி எடுக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பேசி ஒரு காவல்காரரை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று அவருக்குக் கூலி. கையில் கம்பு இருந்தாலும் அவருடைய வாய்க்குத்தான் எல்லோரும் பயந்தோம்.

தண்ணீர் தெளிவாக இருக்காது. கரிசல் மண்ணில் ஓடிவந்த மழையல்லவா, பால் குறைத்து ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும். அப்பத்தா ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்து மண்பானையின் உள்பக்கம் உரசுவாள். பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டித் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவாள். ராத்திரி முழுக்க யாரும் அந்தப் பானையை அசைக்கக் கூடாது. விடிந்து பார்த்தால் வண்டல் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். "அடிய கலக்கிராதடா" என்று சொல்லிக்கொண்டேதான் செம்பைக் கையில் கொடுப்பாள். மிஞ்சிய வண்டல் தண்ணீரும் வீணாகாது, முருங்கைக்குப் போகும்.

சித்திரையில் ஊருணி வற்றிவிடும். நடுவில் ஊத்துத் தோண்டுவார்கள். விடியுமுன் அரிக்கேன் விளக்கோடு பெண்கள் போய் உட்கார்ந்து, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும். யாராவது இன்னொரு குடத்தையும் வைக்கப் பார்த்தால், "போதும் எந்திரி, அடுத்தவளுக்கும் ஊறணும்ல" என்று குரல் வரும். அந்தக் குரலுக்கு மறுபேச்சுக் கிடையாது. எவ்வளவு இருக்கிறது என்பது எல்லோருடைய கண்ணுக்கும் தெரிந்ததால், எவ்வளவு எடுக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது.

ஆனால் இந்த "எல்லோரும்" என்ற சொல்லுக்குள் ஊர் முழுவதும் அடங்கவில்லை. காலனிக்காரர்களுக்கு எங்கள் படித்துறை கிடையாது. அவர்களுக்கென்று இருந்த ஊருணி சின்னது, முதலில் வற்றுவதும் அதுதான். அந்தப் பெண்கள் எங்கள் கரைக்கு வெளியே வெறுங்குடத்தோடு நின்று, யாராவது ஊற்றமாட்டார்களா என்று காத்திருப்பார்கள். முன்னோரின் நீர் மேலாண்மையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். குழாய் வந்தபோது அந்தத் தெருவில்தான் சந்தோஷம் அதிகம். அதில் நியாயம் இருந்தது.

தண்ணீருக்காக எங்கள் ராமநாதபுரச் சீமை தூரத்தைப் பார்த்து நிற்பது புதிதல்ல. சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆள் அனுப்பிப் பார்த்தார். அந்த ஆற்றில் அணை கட்டி முடிந்தது 1895இல். இப்போது குடிதண்ணீர் காவிரியிலிருந்து, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில், திருச்சிப் பக்கமிருந்து குழாய் வழியே வருகிறது. வராத நாட்களில் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகிறார்கள்.

உலகத்துத் தண்ணீரில் நன்னீர் இரண்டரை சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி பனியாகவும் நிலத்தடியிலும் கிடக்கிறது. ஆறு, ஏரிகளில் இருப்பது அந்த நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இது எங்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. பட்டணங்களுக்குத்தான் அது பிந்தி உறைத்தது. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு இத்தனை லிட்டர்தான் என்று வரம்பு வைத்தது. 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. பட்டணத்து உறவுக்காரர்கள் போனில் குடக் கணக்குப் பேசியதை அப்போதுதான் கேட்டேன். அப்பத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

எங்கள் ஊருணியைச் சில ஆண்டுகளுக்கு முன் தூர்வாரினார்கள். இயந்திரம் வந்தது, கரை உயர்ந்தது, பெயர்ப்பலகையும் வைத்தாயிற்று. தண்ணீர் வந்து சேர்கிற வரத்துக்காலை மட்டும் யாரும் தொடவில்லை. அதில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. ரோடு போட்டபோது தண்ணீர் கடக்கப் பதித்த குழாயோ தரைமட்டத்துக்கு மேலே நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கிக் காய்கிறது. முன்பு ஆழமில்லாத ஊருணியில் தண்ணீர் இருந்தது. இப்போது ஆழமான பள்ளம் இருக்கிறது. இதை வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

மழை அப்படி ஒன்றும் பொய்த்துவிடவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் விழுகிற மழையே ஏறக்குறைய 80,000 லிட்டர். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பதித்த குழாய்கள் பல வீடுகளில் இன்னும் சுவரோடு நிற்கின்றன. அவற்றின் அடியில் இருக்கும் தொட்டியைத் திறந்து, மண்ணை அள்ளி வெளியே போட்டாலே போதும்.

வெளியூரில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முளைப்பாரித் திருவிழாவுக்கு அனுப்புகிற வரிப்பணத்தோடு வரத்துக்கால் வெட்டுவதற்கும் கொஞ்சம் சேர்த்து அனுப்புங்கள். கருவேலத்தைத் தூரோடு பிடுங்க வேண்டும், ரோட்டுக் குழாயை இறக்கிப் பதிக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் இந்த இரண்டு வேலையும் முடிய வேண்டும்.