போய்க் கடிதம் போடுகிறோம்

பெண்ணைப் பார்த்து, சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, பாட்டும் கேட்டுவிட்டு எழுந்திருக்கும் பிள்ளை வீட்டார், வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லும் வாக்கியம் ஒன்று நம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பிரசித்தம். "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்பதே அது. இதன் பொருளைப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு எந்தப் பண்டிதரும் வந்து விளக்கவேண்டியதில்லை. "பிடிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் ஒரு நாள் வருத்தப்பட்டுத் தீர்த்துவிடலாம். மனிதர்கள் நல்லவர்களாயிருப்பதால் அந்தக் கடுஞ்சொல் அவர்கள் வாயில் வருவதில்லை. அதன் பலனாகப் பெண் வீட்டார் ஒரு மாத காலம் தபால்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க நேரிடுகிறது.

ஸினிமாவுக்குக் கதை எழுதி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறவர்களின் கதியும் இதுவேதான். ஒரு வித்தியாசம், இங்கே பஜ்ஜி கிடைப்பதில்லை. "சொல்லி அனுப்புகிறோம்" என்ற வாக்கியம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

நாம் இந்தத் தொழிலில் இறங்கி 7 வருஷங்கள் ஆகின்றன. தொழில் என்று சொல்வதா, வியாதி என்று சொல்வதா என்பதில் நமக்கும் வீட்டு எஜமானிக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. பகலெல்லாம் காரியாலயத்தில் கணக்கு எழுதுகிறோம். இரவில் திரைக்கதை எழுதுகிறோம். இவ்விதம் 3 கதைகளை முடித்து, 19 இடங்களில் சொல்லியிருக்கிறோம். 4 இடங்களில் பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். அந்த நால்வரும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும். மற்ற 15 இடங்களிலிருந்தும் இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

"சொல்லியிருக்கிறோம்" என்று நாம் எழுதியதை நேயர்கள் கவனித்திருக்கலாம். கோடம்பாக்கத்தில் கதையைப் படிப்பதைவிடக் கேட்பதே வழக்கம். ஆகையால் கதை எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. கதாகாலட்சேபமும் செய்யத் தெரியவேண்டும். கதாநாயகி ஆற்றில் குதிக்கும் தறுவாயில் எதிரே இருப்பவரின் கைபேசி மணி அடிக்கும். கால் மணி நேரம் பேசி முடித்துவிட்டு, "எங்கே விட்டீர்கள்?" என்பார். "ஆற்றில் விட்டோம்" என்று சொல்லி, நனைந்த கதாநாயகியை மறுபடியும் கரையேற்றவேண்டியிருக்கும்.

போகட்டும். மறுப்பு என்பதன் உண்மையான மதிப்பு என்ன? இதைப்பற்றி நாம் ஆழ்ந்து யோசித்ததுண்டு. யோசிக்கப் போதிய அவகாசத்தை அந்த 15 கம்பெனிகளும் அளித்திருக்கின்றன.

ஹாலிவுட்டில் 1942-ல் வெளிவந்த 'காஸாபிளாங்கா' என்ற படம் உலகப் பிரசித்தமானது. சிறந்த படம், சிறந்த டைரக்ஷன், சிறந்த திரைக்கதை ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கார் பரிசு பெற்றது. 1982-ஆம் வருஷம் சக் ராஸ் என்ற பத்திரிகை எழுத்தாளர் ஒரு காரியம் செய்தார். அந்தத் திரைக்கதையையே நகல் எடுத்து, மூல நாடகத்தின் பெயரைத் தலைப்பாக வைத்து, யாரோ ஒரு புதிய எழுத்தாளர் எழுதியதுபோல் 217 ஏஜெண்டுகளுக்கு அனுப்பிவைத்தார். அவற்றுள் 90 பிரதிகள் படிக்கப்படாமலே திரும்பி வந்தன. 33 பேர் இது இன்ன படம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். 38 பேர் அடையாளமும் தெரியாமல், பிடிக்கவுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பேச்சு அதிகம், கதைப்போக்கில் வலுவில்லை என்பதுபோன்ற குற்றங்களைக்கூடச் சிலர் கண்டார்கள்!

இன்னொரு விருத்தாந்தமும் உண்டு. 1985-ல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற 'பேக் டு த பியூச்சர்' படத்தின் கதையை ராபர்ட் ஜெமெக்கிஸ், பாப் கேல் என்ற இருவர் எழுதினார்கள். 40 தடவைக்கு மேல் அது மறுக்கப்பட்டது. வாலிபர்களுக்கான படத்தில் இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டாமா என்று பல கம்பெனிகள் கேட்டன. டிஸ்னி கம்பெனியாரோ, தாயே மகன் என்றறியாமல் அவன்மேல் ஆசைப்படுவதாவது, குடும்பங்கள் பார்க்கும் படமா இது என்று திடுக்கிட்டார்கள். ஒரே சரக்கு, ஒரு கடையில் காரம் போதவில்லை, அடுத்த கடையில் காரம் தாங்கவில்லை. மறுப்பிலிருந்து நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்வது கடையின் குணத்தையே என்று இதனால் ஏற்படுகிறது.

ஆனால் இந்தக் கதைகளை அளவோடுதான் அருந்தவேண்டும். காஸாபிளாங்கா மறுக்கப்பட்டது என்பதனால், மறுக்கப்பட்டதெல்லாம் காஸாபிளாங்கா ஆகிவிடாது. நமது முதற்கதையை இப்போது எடுத்துப் படித்துப் பார்த்தால், அதைத் திருப்பிக் கொடுத்தவர்களின் ரசிகத் தன்மையில் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இனி ஏஜெண்டு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஓர் எழுத்தாளர் ஸ்டூடியோவுக்குத் தாமாகக் கதை அனுப்பினால், உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பிவிடுவது வழக்கம். பிரித்துப் படித்துவிட்டுப் பிற்பாடு அதேபோல் ஒரு படம் எடுத்தால், கதையைத் திருடிவிட்டதாக வழக்கு வருமே என்ற பயம். ஆகவே ஏஜெண்டு மூலமாகவே கதை போகவேண்டும். எந்தக் கதவு எந்தக் கதைக்குத் திறக்கும் என்று அவருக்குத் தெரியும்; பண விஷயத்தையும் அவரே பேசுவார். எழுத்தாளருக்கு வரும்படி வந்தால் அதில் நூற்றுக்கு 10 அவருக்கு, வராவிட்டால் ஒன்றுமில்லை. கதையைப் படிப்பதற்கே முன்பணம் கேட்கிறவர் ஏஜெண்டு ஆகமாட்டார். நம்மிடமும் ஒருவர் 5,000 ரூபாய் கேட்டார். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம்.

சரி, ஏஜெண்டைப் பிடிப்பது எப்படி? முன்பே படத்துக்கு எழுதியவர்களை அவர் ஆவலோடு ஏற்றுக்கொள்வார். படத்துக்கு எழுதவோ ஏஜெண்டு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற நம் ஊர்ப் பழமொழி கடல் கடந்து ஹாலிவுட்டிலும் செல்லுபடியாகிறது!

ஏஜெண்டு கிடைத்துவிட்டால் சொர்க்கம் என்றும் எண்ணிவிடக் கூடாது. எழுத்தாளரையும் நடிகரையும் டைரக்டரையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்று, அதற்குரிய கட்டணத்தை ஸ்டூடியோவிடமே வாங்கிக்கொள்ளும் வழக்கம் பெரிய ஏஜென்ஸிகளில் வேரூன்றியிருந்தது. பெண் வீட்டுத் தரகர் பிள்ளை வீட்டாரிடமும் கை நீட்டினால் யாருக்காகப் பேசுவார்? 2019 ஏப்ரல் மாதத்தில், எழுத்தாளர் சங்கத்தின் சொற்படி 7,000-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் தங்கள் ஏஜெண்டுகளை ஒரே மூச்சில் விலக்கினார்கள். கடைசிப் பெரிய ஏஜென்ஸி 2021 பிப்ரவரியில் உடன்படிக்கைக்கு வந்தது. ஒற்றை ஆளாக நின்றால் ஒருவரும் ஏறிட்டுப் பாராத எழுத்தாளர்கள், சேர்ந்து நின்றபோது செய்த காரியம் இது.

தமிழ்ப் படவுலகில் இத்தகைய ஏஜெண்டு வழக்கம் வேரூன்றவில்லை. எழுத்தாளர் தாமே போய்த் தமக்காகப் பேசவேண்டியதுதான். 1939-ல் கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்துகொண்டிருந்தபோதே, கே. சுப்ரமண்யத்தின் டைரக்ஷனில் படமாகவும் உருவாயிற்று. படக் காட்சிகளே தொடர்கதைக்குச் சித்திரங்களாக அமைந்தன. கல்கிக்குப் பரிந்து பேச ஆயிரக்கணக்கான வாசகர்கள் இருந்தார்கள். புதுமைப்பித்தனுக்கு யார் இருந்தார்கள்? சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிப் பார்த்தார், படம் முடியவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனாவுக்குச் சென்றவர், க்ஷய ரோகத்தோடு திரும்பி, 1948-ல் தம் 42-வது வயதில் மறைந்தார். ஈடிணையற்ற அந்தப் பேனாவுக்காகப் பேரம் பேச ஒருவர் இருந்திருக்கலாகாதா என்று நாம் பலமுறை ஏங்கியதுண்டு.

ஏஜெண்டு எதற்கு என்பது சென்ற வருஷம் நமக்கு நன்றாக விளங்கிற்று. நமது மூன்றாவது கதை நம் தாயாரைப் பற்றியது. கிராமத்துப் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு ஊதி, நம்மைப் படிக்க வைத்தவர் அவர். அந்தக் கதையைக் கேட்ட ஒரு கம்பெனியார், "பிரமாதம்! 1,50,000 ரூபாய் தருகிறோம். ஆனால் கதை என்ற இடத்தில் டைரக்டரின் பெயர்தான் வரும்" என்றார்கள். அப்போது நம் பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்குப் பதினைந்தே நாள் தவணை இருந்தது.

எழுத்தை விற்ற பிறகும், அதை எழுதியவர் இன்னார் என்று உரிமை கொண்டாடும் பாத்தியதை ஆசிரியருக்கு உண்டு என்று 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. இதை நாம் மெள்ள எடுத்துச் சொன்னோம். உடனே அவர்கள் முகத்தில் அந்தப் பழகிய புன்னகை தோன்றியது. "யோசித்துச் சொல்லுங்கள், நாங்களும் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள்.

அன்று இரவு வீட்டில் வெகுநேரம் கணக்குப் போட்டோம். பெண் மட்டும், "படத்தில் பாட்டி பெயரையாவது போடுவார்களா, அப்பா?" என்று கேட்டாள். கதையில் பாட்டியின் பெயரையும் மாற்றிவிடுவார்கள் என்றோம். எஜமானி பென்ஸிலைக் கீழே வைத்தாள். "சம்பளத்துக்கு என் சீட்டைத் தள்ளி எடுத்துக்கொள்ளலாம். அத்தை அடுப்பு ஊதினது அவருக்காகத்தான், இன்னொருத்தர் பெயருக்காக இல்லை" என்றாள். அந்த மாதமே சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தோம். அதை அடைக்க இன்னும் 8 மாதம் பாக்கி இருக்கிறது. கதை அலமாரியில் இருக்கிறது.

ஏஜெண்டு ஒருவர் இருந்திருந்தால், பணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பெயரைப் போடச் செய்திருக்கக்கூடும். நம்மால் அது இயலவில்லை. சொந்தத் தாயாரின் கதைக்குத் தாமே உட்கார்ந்து விலை பேச எவருக்குத்தான் நா எழும்? எழுத்தாளருக்குச் சாமர்த்தியம் இல்லை என்பார்கள். பொருள் நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பதால் பேரம் வருவதில்லை என்பதே உண்மை.

இதற்கு நம் முன்னோர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வாடிய முகத்தோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, "இன்ன ஊருக்கு இன்ன வழியாகப் போ; அங்கே கொடுப்பவன் ஒருவன் இருக்கிறான்" என்று சொல்லி அனுப்புவான். ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே இதனால் உண்டாயிற்று. நூற்றுக்கு 10 கேட்காத ஏஜெண்டு அந்தப் பாணன். பரிசு பெறாதவரும் வழி சொல்லலாம் என்பது நமது கட்சி. எந்த வாசலில் நாய் கடிக்கும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆகவே இப்போது நாம் மூன்று ஏற்பாடுகள் செய்துகொண்டிருக்கிறோம். கதை வெளியே போகுமுன் எழுத்தாளர் சங்கத்தில் அதைப் பதிவு செய்துவிடுகிறோம். வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வகுத்து எழுதிய உருவத்துக்கே உண்டு என்று 1978-ல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருப்பதால், இரண்டு பக்கச் சுருக்கத்தோடு நில்லாமல் முழுவதையும் எழுதியே பதிவு செய்கிறோம். கதை போன மறுநாளே அடுத்த கதையைத் தொடங்கிவிடுகிறோம். தபால்காரரைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. மூன்றாவதாக, நம்மைப்போல் எழுதும் இளைஞர்கள் அனுப்பும் கதைகளைக் கடைசிப் பக்கம்வரை படித்து, பிடித்ததென்றால் பிடித்ததென்றும், இல்லையென்றால் இல்லையென்றும் ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுகிறோம்.

இதோ, திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை அனுப்பிய 94 பக்கக் கதை மேஜைமேல் இருக்கிறது. நன்றாக எழுதியிருக்கிறார். 63-ஆம் பக்கத்தில் மட்டும் கதை சற்று நொண்டுகிறது. அதைத் திருத்திவிட்டால் யாரிடம் கொண்டுபோகலாம் என்றும் நமக்கு ஒரு யோசனை உண்டு. இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு அவருக்கு எழுத உட்காரவேண்டும்.