பூஜ்யமாகிப் போன தேதிகள்

எங்கள் தெருக் கோடியில் ஒரு குழந்தை வைத்தியர் இருக்கிறார். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். 2009-ல், நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டோடு இருந்த நேரம், "தடுப்பூசிக் கணக்கை மிஷின்லே ஏத்திக் கொடேன்மா" என்றார். இடுப்பில் ஒன்றரை வயசுப் பிள்ளை, அடுப்பில் குழம்பு... இரண்டுக்கும் நடுவே எழுதிய ப்ரோகிராம் அது. பிறந்த தேதியைக் கொடுத்தால் அடுத்த ஊசி என்றைக்கு என்று சொல்லும். தினமும் காலையில் சிஸ்டர் பட்டியல் எடுத்து, வர வேண்டியவர்களுக்குப் போன் செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு!

2024 டிசம்பரில் அந்தப் பழைய சர்வர் (கிளினிக் மூலையில் தூசி படிந்து உட்கார்ந்திருந்த பெட்டி) கரகரவென்று இரைய ஆரம்பித்தது. புதுசு வாங்கினார்கள். விவரங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற சாப்ட்வேர் மைஎஸ்க்யூஎல். பழசில் இருந்தது 5.1, புதுசில் போட்டது 8.4. மாற்றிக் கொடுக்கும் வேலை என் தலையில்.

முதலில் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை எங்கள் பீரோவில் வைத்தேன். நகைப் பெட்டிக்கு இடமில்லை என்று மாமியார் முணுமுணுத்தார். பிறகு ஒவ்வோர் அட்டவணையாக எழுத்துக் கோப்பில் இறக்கி, புதுசில் ஏற்றினேன். பெயர், விலாசம், எடை எல்லாம் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்தன. தடுப்பூசி அட்டவணை மட்டும் நடுவில் நின்றுவிட்டது. இந்தத் தேதி செல்லாதாம். என்ன தேதி? வருஷம் 0000, மாசம் 00, நாள் 00!

பழசு பேசாமல் வாங்கிக்கொண்டதே, இதற்கென்ன வந்தது என்று எரிச்சல். இந்தக் கண்டிப்பைத் தளர்த்த வழி உண்டு. ஒரே ஒரு வரி. மணி எட்டரை ஆகிவிட்டது, வீட்டில் சப்பாத்திக்கு மாவுகூடப் பிசையவில்லை. அந்த வரியை அடிக்கப் போனவள், தற்செயலாக அந்தக் குழந்தைகளின் பிறந்த தேதிகளைப் பார்த்தேன். மே 31. மே 30. ஜூலை 31. டிசம்பர் 31. மறுபடியும் மே 31...

அடிவயிற்றில் சுரீரென்றது. தட்டம்மைக்கு முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டும். நான் மாதத்தோடு ஒன்பதைக் கூட்டிவிட்டு, நாளை அப்படியே விட்டிருக்கிறேன். மே 31-ல் பிறந்த குழந்தைக்குப் பிப்ரவரி 31! ஜூலை 31-க்கு ஏப்ரல் 31! இல்லாத தேதியைக் கொடுத்தால் 5.1 மறுக்காது, பூஜ்யமாக்கி உள்ளே போட்டுக்கொள்ளும். எச்சரிக்கை ஒன்று சொல்லும்தான், அதைப் பார்க்க நான் ஏற்பாடே செய்யவில்லை. 2015-ல் வந்த 5.7 முதல்தான், நாம் கேட்காமலே இந்தக் கண்டிப்பு கூட வருகிறது. பூஜ்யத் தேதிக் குழந்தை காலைப் பட்டியலில் வராது. யாரும் போன் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொல்லும்போது எனக்குக் குரலே எழும்பவில்லை. "கார்டுலே நான் கையால எழுதித்தாம்மா கொடுக்கறேன், முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்தே வந்திருப்பாங்க. மீதிப் பேரைக் கூப்பிடுவோம், உட்காரு" என்றார்.

சிஸ்டரும் நானும் இரண்டு நாள் போன் செய்தோம். பெரிய பிள்ளைகளுக்கு 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசி கைகொடுத்திருந்தது. அதற்குப் பின் பிறந்ததுகளைத்தான் ஒவ்வொன்றாக விசாரித்தோம். கடைசியில் ஒரே ஒரு பையன். 2021 ஜூலை 31-ல் பிறந்தவன்.

"வீடு மாறினப்போ கார்டு தொலைஞ்சு போச்சு மேடம். நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன், கூப்பிடலை. சரி, தேவையில்லை போலிருக்குன்னு விட்டுட்டேன்" என்றாள் அந்தப் பெண். எனக்குப் பதில் வரவில்லை. "தப்பு என்னுதும்மா, இன்னிக்கே கூட்டிட்டு வா" என்றேன்.

ஐந்து வயதுக்குள் விட்டுப்போனதைப் போடலாம் என்று டாக்டரம்மா அன்றைக்கே போட்டுவிட்டார். பையன் வீறிட்டான். இரண்டாவது ஊசிக்கு நான்கு வாரம் இடைவெளி வேண்டும். ப்ரோகிராமைத் திருத்திவிட்டேன், இப்போது மே 31-க்கு ஒழுங்காகப் பிப்ரவரி கடைசி நாளைச் சொல்கிறது. இருந்தாலும் சுவரிலிருந்த மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து 28 நாள் எண்ணித்தான் அந்தப் பெண்ணின் புதுக் கார்டில் எழுதிக் கொடுத்தேன்.