நுவரெலியாவில் ஒரு வண்டிப் பரீட்சை

கம்பளையிலிருந்து, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற்கு ஏறுவோர் இறம்பொடையின் வளைவுகளை எளிதில் மறவார். ஆயினும் வண்டியின் வலிமையை உண்மையிற் சோதிப்பவை, பெருஞ்சாலையிலிருந்து பிரியும் தோட்டப் பாதைகளே. மழை பெய்தால் அங்கே கல்லும் சேறுமன்றி வேறில்லை.

அத்தகைய தோட்டமொன்றிற் கற்பிக்கும் நண்பர், பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு பழைய யப்பானியக் கார் ஒன்றை வாங்க விரும்பி நம்மையும் உடனழைத்தார். நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டி என்பதற்குச் சான்றாக, விற்பவர் பின்கதவிலிருந்த எழுத்துக்களைக் காட்டினார். எழுத்தை எவரும் ஒட்டலாமன்றோ? ஹொக்கைடோ போன்ற பனிநிலங்களையும் கருதி யப்பானியர் சில கார்களை இருவகையாகவும் செய்வர். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே.

உடன்வந்த மெக்கானிக் சாக்கை விரித்து வண்டியின் கீழே படுத்தார். முன்சில்லுகளால் இழுபடும் இத்தகைய காரிற் பின்சில்லுகளும் இயங்குவதாயின், முன்னிருந்து ஒரு சுழல்தண்டு நீண்டு பின்புறப் பற்சக்கரப் பெட்டியைச் சேரவேண்டும். பின்சில்லுகள் தள்ளும் வானாயின், முன்சில்லுகளுக்குச் செல்லும் தண்டுகளைத் தேடவேண்டும். மின்மோட்டாரும் பூட்டிய கலப்பு வண்டிகள் சிலவற்றில் நடுத்தண்டு இராது. பின்னே தனி மோட்டார் இருக்கும்.

“தண்டுமில்லை, பெட்டியுமில்லை, ஐயா” என்று அவர் எழுந்தார். நண்பரின் பணம் பைக்குள்ளேயே இருந்தது.

இன்னுமொன்று: நான்கு சில்லு இயக்கம் மேட்டில் ஏற உதவும், இறக்கத்தில் நம்மைக் காப்பவை நல்ல பிறேக்கும் தேயாத டயருமே. வாங்குமுன் அவற்றையும் குனிந்து பார்ப்பதில் இழுக்கில்லை.